கையும் கண்ணும் கற்கும் மருத்துவம்

நோயாளியை நேரில் சோதித்தறிய மருத்துவத்தில் நான்கு வழிகள் உண்டு: பார்த்தல், தொட்டறிதல், தட்டிப் பார்த்தல், கேட்டறிதல். வார்டில் கால் வைக்கும் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு முதலில் பழக்கப்படுவது இந்த வரிசைதான். வயிற்றைச் சோதிக்கும்போது மட்டும் பல ஆசிரியர்கள் இதைச் சற்று மாற்றிச் சொல்லித் தருவார்கள். கையை வைத்து அழுத்திவிட்டால் குடலின் ஓசை மாறக்கூடும் என்பதால், தொடுவதற்கு முன்பே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கச் சொல்வார்கள். நோயாளி நினைவிழந்து கிடக்கும் வேளையில் வரிசை அடியோடு வேறாகிவிடுகிறது. அப்போது ‘என்ன நோய்?’ என்ற கேள்வி பின்னால் போய், ‘இவரை முதலில் கொல்லப்போவது எது?’ என்ற கேள்வி முன்னால் வருகிறது. கல்லூரிகளில் இவ்விரண்டும் தனித்தனி வகுப்புகளாக நடந்தாலும், நெருக்கடியில் ஒருவரைக் காப்பாற்றும் கை, வார்டில் நாள்தோறும் நாடி பிடித்துப் பழகிய அதே கைதான். முதல் வரிசையில் தேறாதவரால் இரண்டாவதைச் சரியாகச் செய்ய முடியாது.

சோதனை கை கழுவுவதில் தொடங்குகிறது. மருத்துவ மாணவருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. வரலாறே அதற்குச் சான்று. வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும் மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றார்கள். மாணவர்கள் இருந்த பிரிவில் பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சலால் இறந்த தாய்மார் மிக அதிகம். பிணங்களை அறுத்துப் பயின்ற கையோடு வந்து கர்ப்பிணிகளைச் சோதித்ததே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் முடிவுக்கு வந்தார். குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் செய்ததும் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்ற கருத்து நிலைபெறாத காலம் அது. இன்று சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி, ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு நோயாளியைத் தொடுவதற்கு முன்பும் தொட்ட பின்பும் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது ஒப்புதல். தான் யார், என்ன செய்யப்போகிறோம் என்பதை நோயாளிக்கு அவர் மொழியில் சொல்லி, அவர் சரி என்ற பிறகே தொட வேண்டும். திரை இழுக்கப்பட்டிருக்க வேண்டும். பெண் நோயாளியை ஆண் மாணவர் சோதிக்கும்போது செவிலியரோ வேறு பெண்ணோ உடனிருக்க வேண்டும். மூடிய துணியை எந்தப் பகுதிக்குத் தேவையோ அந்தப் பகுதிக்கு மட்டும், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் விலக்க வேண்டும். நிற்கும் இடம் நோயாளியின் வலப்புறம். கல்லீரலின் விளிம்பைத் தேடவும் கழுத்துச் சிரையின் துடிப்பை நோக்கவும் அங்கிருந்துதான் வலக்கை வாகாக வரும்.

பார்த்தல் எளிது என்று தோன்றும். நான்கில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் அதுதான். நோயாளி படுத்திருக்கும் விதமே செய்தி தரும். வயிற்றுச் சவ்வு அழற்சி கண்டவர் அசையாமல் கிடப்பார். சிறுநீரகக் கல்லின் வலியில் இருப்பவர் ஒரு நிலையில் இருக்க முடியாமல் புரளுவார். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவர் படுக்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சோகை தெரியும். கண்ணின் வெண்பகுதியில் மஞ்சள் காமாலை தெரியும். அதைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது, மஞ்சள் விளக்கின் கீழ் மெல்லிய காமாலை கண்ணுக்குத் தப்பிவிடும். கறுத்த தோலில் வெளிறலும் நீலம் பாய்தலும் எளிதில் புலப்படா. ஆகவே இமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும்.

நீலம் பாய்தலில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. 100 மில்லி இரத்தத்தில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் ஏறக்குறைய 5 கிராம் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியும். மொத்த ஹீமோகுளோபினே 6 கிராமாக இருக்கும் கடும் சோகை நோயாளிக்கு அந்த அளவு சேர்வதற்கு வழியில்லை. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாலும் அவர் நாக்கு நீலமாகாது. சோகை பரவலாக உள்ள நாட்டில் பயிலும் மாணவர், நீலம் இல்லை என்பதால் ஆக்சிஜன் குறையவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

விரல் நுனிகள் முரசுக்கோலின் முனைபோல் தடித்து உருண்டிருப்பதை ஹிப்போகிராட்டஸ் காலத்திலிருந்தே மருத்துவர்கள் கவனித்து வந்திருக்கிறார்கள். நுரையீரலில் நாள்பட்ட சீழ், நுரையீரல் புற்றுநோய், பிறவி இதயக் கோளாறு, இதய உட்சுவரில் தொற்று போன்றவற்றின் அடையாளம் அது. இரு கைகளின் ஆள்காட்டி விரல் நகங்களை எதிரெதிராக ஒட்டிவைத்தால், இயல்பான விரல்களுக்கிடையே வைர வடிவில் சிறு இடைவெளி தெரியும். விரல் தடித்தவர்களிடம் அது மறைந்துவிடும். இந்தச் சோதனையைச் சொன்னவர் தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத். இதய உட்சுவர்த் தொற்று தமக்கே வந்தபோது தம் விரல்களில் கண்டதை அவர் 1976இல் எழுதினார்.

உடலின் அடிப்படைக் குறிகள் நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், வெப்பநிலை ஆகிய நான்கு. இன்று இரத்தத்தின் ஆக்சிஜன் அளவும் அவற்றோடு சேர்ந்துவிட்டது. நாடியை மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் மூன்று விரல்களால் பிடிக்க வேண்டும். வயதுவந்தவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் சீர், பருமன், தன்மை ஆகியவற்றையும் அறிய வேண்டும். சீரே இல்லாமல் துடிக்கும் நாடியை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது தவறு. முழு நிமிடம் எண்ண வேண்டும். இதய மேலறை நடுக்கம் உள்ளவரிடம் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் துடிப்புக்கும் மணிக்கட்டுக்கு வந்து சேரும் துடிப்புக்கும் இடையே வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாடே நோயைக் காட்டிக்கொடுக்கும்.

மூச்சு எண்ணிக்கைதான் வார்டில் அதிகம் கைவிடப்பட்ட குறி. கேஸ் ஷீட்டில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் 18 அல்லது 20 என்று எழுதியிருந்தால் யாருக்குமே எண்ணப்படவில்லை என்று பொருள். இது பெருங்குறை. இரத்தத்தில் அமிலம் கூடும்போதும் ஆக்சிஜன் குறையும்போதும் நுரையீரலில் தொற்று பரவும்போதும் பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் வேகமே. இரத்த அழுத்தம் விழுவதற்குப் பல மணி நேரம் முன்பாகவே அது எச்சரித்துவிடும். எண்ணுவது தெரிந்தால் நோயாளி தம்மையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். நாடியைப் பிடித்த கையை எடுக்காமல், நாடி பார்ப்பதுபோலவே மார்பைக் கவனித்து ஒரு நிமிடம் எண்ணுவது பழைய, நல்ல முறை. வயதுவந்தவருக்கு 12 முதல் 20 இயல்பு. 25ஐத் தொட்டால் மூத்த மருத்துவரை அழைக்க வேண்டும். குழந்தைகளில் நிமோனியாவைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையும் மூச்சு எண்ணிக்கையை நம்பியே நிற்கிறது: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. இந்த அளவையோ அதற்கு மேலோ எட்டினால் வேகமூச்சு. எக்ஸ்ரே இல்லாத ஊரில் கடிகாரம் மட்டுமே வைத்திருக்கும் கிராமச் சுகாதார செவிலியர் ஒரு குழந்தையைக் காப்பாற்ற இது போதுமானது.

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி வடிவமைத்தார். அதில் மேல் அளவை மட்டுமே அறிய முடிந்தது. பட்டைக்குக் கீழே தமனியின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் இரு அளவுகளையும் அறியலாம் என்று 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் கொரட்காவ் காட்டினார். முறை சிறிது தவறினாலும் எண் பொய்யாகும். நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பட்டையின் காற்றுப்பை கையின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கையாவது சூழ வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகவே வரும். முதலில் நாடியைத் தொட்டபடி பட்டையை ஏற்றி, நாடி மறையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகே ஸ்டெதஸ்கோப்பை வைக்க வேண்டும். சிலருக்கு ஒலி நடுவில் சிறிது நேரம் மறைந்து மீண்டும் வரும். தொட்டுப் பார்க்காதவர் அந்த இரண்டாம் தொடக்கத்தையே மேல் அளவாக எழுதிவிடுவார். வினாடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். அவசரமாக இறக்கினால் இரு எண்களும் பிழை.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் அடிப்படைக் கொள்கையை 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டறிந்தார். கோவிட் காலத்தில் அது வீடுதோறும் வந்தது. குளிர்ந்த விரலிலும் மருதாணியோ நகப்பூச்சோ இட்ட விரலிலும் அது தடுமாறலாம். கரிப்புகை நச்சு ஏறிய இரத்தத்தை ஆக்சிஜன் நிறைந்த இரத்தமாகவே அது காட்டும். கறுப்புத் தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும் வாய்ப்பு உண்டு என்பதை 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. கருவி சரியென்று சொல்லும்போதே ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுந்து காணப்பட்டது. திணறும் நோயாளியின் விரலில் 95 என்று காட்டினால், எண்ணைவிட நோயாளியைத்தான் நம்ப வேண்டும்.

தொட்டறிதலில் முதல் விதி, கை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பது. இரண்டாவது, வலிக்கும் இடத்துக்குக் கடைசியில் வர வேண்டும். மூன்றாவது, கை வயிற்றில் இருக்கும்போது கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும்; வாய் சொல்லாத வலியை நெற்றி சொல்லும். கல்லீரலையும் மண்ணீரலையும் தேட அடிவயிற்றின் வலப்பக்கம் தொடங்கி, நோயாளி மூச்சை இழுக்கும்போது விரல்களில் வந்து முட்டுகிறதா என்று பார்த்தபடி மேலேற வேண்டும். விலா எலும்பருகே நேராகக் கை வைப்பவர் பெரிதும் வீங்கிய மண்ணீரலின் விளிம்பைத் தவறவிட்டு அதன் மேலேயே கை வைத்திருப்பார். மண்ணீரல் இரண்டு மூன்று மடங்கு பெருத்தால்தான் கைக்கு எட்டும் என்பதால், எட்டிய மண்ணீரல் எப்போதும் பொருளுள்ளது.

தட்டிப் பார்க்கும் முறையை உலகுக்குத் தந்தவர் லியோபோல்ட் அவன்பிரக்கர். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அறியும் வழக்கத்தை அவர் இளமையில் கண்டிருந்தார் என்பார்கள். 1761இல் மார்பைத் தட்டி நோயறிவதைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை லத்தீனில் வெளியிட்டார். அதைக் கவனித்தவர் மிகச் சிலரே. 1808இல் நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தபோதுதான் ஐரோப்பா விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே அவன்பிரக்கர் இறந்தார். இன்று செய்யும் முறையில் இடக்கை நடுவிரலை மார்பில் அழுந்தப் படியவைத்து, வலக்கை நடுவிரலால் அதன் மேல் மணிக்கட்டிலிருந்து சுண்டித் தட்ட வேண்டும். காற்று நிறைந்த நுரையீரல் கணீரென்னும். நிமோனியாவில் இறுகிய பகுதி மந்தமாக ஒலிக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்த இடம் கல்லைத் தட்டியதுபோல் இருக்கும். காதைவிட முன்னதாகத் தட்டப்படும் விரலே இந்த வேறுபாட்டை உணர்ந்துவிடும்.

பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் 1816இல் ரெனே லென்னெக், இதய நோயுள்ள இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூசி, தாள் கட்டு ஒன்றைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். நேரே காதை வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. மரத்தில் குழல் கடைந்து மூன்றாண்டுகள் நோயாளிகளைக் கேட்டு, கேட்டதைப் பிணவறுவையில் கண்டதோடு ஒப்பிட்டு, 1819இல் நூலாக எழுதினார். 1826இல் காசநோய்க்கே பலியானார். மாணவரின் கழுத்தில் தொங்கும் இன்றைய ஸ்டெத்தில் அகன்ற சவ்வு ஒருபுறமும் சிறு கிண்ணம் மறுபுறமும் இருக்கும். உச்ச ஒலிகளுக்குச் சவ்வு, தாழ்ந்த ஒலிகளுக்குக் கிண்ணம். வாதக்காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வின் உறுமல் தாழ்ந்த ஒலி. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இதய முனையில் கிண்ணத்தை மெல்ல வைத்தால்தான் கேட்கும். இந்தியாவில் இன்னும் இளம்பெண்கள் இந்த நோயோடு, சில வேளை கர்ப்ப காலத்தில்தான் முதன்முதலாக, மருத்துவமனைக்கு வருகிறார்கள். நுரையீரலில் கேட்கும் ஒலிகளுக்குச் சமமாக, கேட்காத ஒலியும் முக்கியம். ஆஸ்துமாவில் இழுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த மார்பு திடீரென அமைதியானால், அது குணம் அல்ல. காற்றே போய்வரவில்லை என்ற அபாய நிலை.

இதுவரை சொன்ன வரிசைக்கு நேரம் வேண்டும். நேரமே இல்லாத நோயாளிக்கு வேறு வரிசை தேவை என்பது இன்று உலகம் முழுதும் ஏற்கப்பட்டதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் 1976 பிப்ரவரியில் ஓட்டிச்சென்ற சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்தின் வயலொன்றில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார், பிள்ளைகள் படுகாயமடைந்தார்கள். போய்ச் சேர்ந்த ஊர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை வயலில் தம்மால் செய்ய முடிந்ததைவிடக் குறைவாக இருந்தது அவரை உலுக்கியது. அவரும் சக மருத்துவர்களும் உருவாக்கிய காயச் சிகிச்சைப் பயிற்சி 1978இல் தொடங்கியது. அதன் மையக் கருத்து: மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவுநிலை, ஆடையை விலக்கி உடல் முழுதும் பார்த்தல் என்ற ஐந்து படிகளில் எது விரைவாகக் கொல்லுமோ அதை முதலில் பார்ப்பது, கண்ட குறையை அங்கேயே சரிசெய்த பிறகே அடுத்த படிக்குப் போவது. நோய்க்குப் பெயர் வைப்பது பிறகு.

நினைவிழந்தவரின் மூச்சுப்பாதையைப் பெரும்பாலும் அடைப்பது அவருடைய நாக்கே. தசை தளர்ந்ததும் அது பின்னால் சரிந்துவிடும். குறட்டை போன்ற ஒலி பாதி அடைப்பு. மார்பு ஏறியிறங்க முயன்றும் ஒலியே இல்லையென்றால் முழு அடைப்பு. நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்சாய்த்து, மறு கையால் முகவாயை உயர்த்தினால் நாக்கு விலகும். கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம் என்றால் தலையைச் சாய்க்காமல் தாடையின் இரு கோணங்களையும் முன்னோக்கித் தள்ள வேண்டும். இவ்வளவு எளிய செயல் எவ்வளவு பயன் தரும் என்பதைப் பால்டிமோரில் பீட்டர் சேஃபர் 1950களின் இறுதியில் நிறுவினார். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுக்கப்பட்ட தன்னார்வலர்களிடம் அவர் சோதித்தார். வெளிவிடும் மூச்சில் இன்னும் 16, 17 விழுக்காடு ஆக்சிஜன் இருப்பதால் வாயோடு வாய் வைத்து ஊதுவது உயிர் காக்கப் போதும் என்பதும் அந்த ஆண்டுகளில் ஜேம்ஸ் ஈலமும் சேஃபரும் காட்டியதே.

மூச்சில் வேகம், இரு பக்கமும் சமமாக ஏறுகிறதா, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு பக்க மார்பு அசையாமல், தட்டினால் மிகையாகக் கணீரென்று, காற்றொலி இல்லாமல், இரத்த அழுத்தமும் விழுந்திருந்தால், நுரையீரலுக்கு வெளியே காற்று அடைபட்டு இதயத்தை நெரிக்கிறது. எக்ஸ்ரேக்கு அனுப்பினால் வழியிலேயே உயிர் போகலாம்; ஊசியால் காற்றை வெளியேற்ற வேண்டும். அவன்பிரக்கரின் விரல் தட்டலும் லென்னெக்கின் குழலும் தீவிர சிகிச்சையில் நேரடியாக உயிர் காக்கும் இடம் இது. இரத்த ஓட்டத்தை அறிய நாடி, அழுத்தம், கைகால் குளிர்ச்சி ஆகியவற்றோடு, விரல் நுனியை ஐந்து வினாடி அழுத்திவிட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்புத் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். வெளியே பீறிடும் இரத்தத்தைக் கையால் அழுத்தி நிறுத்துவதும் இந்தப் படியில்தான்.

நினைவுநிலையை விரைவாகச் சொல்ல நான்கு படிகள் போதும்: விழிப்பு, குரலுக்கு எதிர்வினை, வலிக்கு எதிர்வினை, எதற்கும் இல்லை. விரிவாக அளக்க 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜெனட்டும் வகுத்த அளவுகோல் உள்ளது. கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் இட்டால் 3 முதல் 15 வரை வரும். எட்டும் அதற்குக் கீழும் என்றால் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர் என்று கொள்ள வேண்டும். கண்பாவை ஊசிமுனையளவு சுருங்கி, வாயில் நீர் ஒழுகி, உடல் வியர்த்திருந்தால் பூச்சிமருந்து நச்சு நினைவுக்கு வர வேண்டும். அந்த நோயாளியைக் கையுறையின்றித் தொடக் கூடாது. இரத்தச் சர்க்கரையைப் பார்க்காமல் இந்தப் படியை முடிக்கவே கூடாது. சர்க்கரை தாழ்ந்தவர் பக்கவாதம் வந்தவரைப்போலவே இருக்கலாம். குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து பேசுவார்.

ஆடையை விலக்கி உடல் முழுதும் பார்க்கும் கடைசிப் படியில் முதுகு, அக்குள், பாதம் எதையும் விடக் கூடாது. பார்த்ததும் போர்த்திவிட வேண்டும். கட்டுவிரியன் கடி இங்கே ஒரு பொறி. தரையில் படுத்துறங்குபவரை இரவில் கடிக்கும்; வலியோ வீக்கமோ இராது; பல் பட்ட தடமே தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி என்று வருபவரின் இமைகள் தொங்கத் தொடங்கியிருந்தால் அந்த இமைதான் நோயறியும் குறி. தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து மூச்சும் நிற்கும். முகமூடிப் பையால் காற்றழுத்தி மூச்சைத் தாங்கிப் பிடித்தால், அசையாமல் கிடக்கும் அவர் மீண்டு வருவார். கண்ணாடி விரியன் கடித்ததா என்பதற்குப் புதிய இரத்தம் 2 மில்லியைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தால் போதும். உறையவில்லையென்றால் நஞ்சு வேலை செய்கிறது.

இதயம் நின்றுவிட்டதை அறிவதற்குக் கிடைக்கும் நேரம் பத்து வினாடி. தட்டியும் உரக்க அழைத்தும் எதிர்வினை இல்லை, மூச்சு இல்லை அல்லது இயல்பாக இல்லை, கழுத்து நாடி தெரியவில்லை என்றால் உடனே தொடங்க வேண்டும். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலர் மீன்போல் வாய் திறந்து எப்போதாவது ஒருமுறை காற்றை இழுப்பார்கள். அதை மூச்சென்று நம்பிக் காத்திருந்து இழந்த உயிர்கள் ஏராளம். மூளைக்கு இரத்தம் நின்று நான்கு முதல் ஆறு நிமிடத்தில் மீளாச் சேதம் தொடங்கிவிடும். உதவிக்குக் குரல் கொடுப்பதும், வெளியே என்றால் 108ஐ அழைக்கச் சொல்வதும், மார்பை அழுத்தத் தொடங்குவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை.

மூடிய மார்பின் மேல் அழுத்தியே இரத்தத்தை ஓட்டலாம் என்பது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் தற்செயலாகத் தெரியவந்தது. மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரின் தகடுகளை நாயின் மார்பில் அழுத்தியபோதே அதன் தமனி அழுத்தம் உயர்வதை நிக்கர்பாக்கர் கவனித்தார். கௌவன்ஹோவன், ஜூட் இருவரோடும் சேர்ந்து 1960இல் அவர் அதை வெளியிட்டார். அதற்கு முன் நின்ற இதயத்தைப் பிசைய மார்பைக் கிழிக்க வேண்டியிருந்தது. இன்றைய விதிப்படி மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, அதன் மேல் மறுகையைக் கோத்து, முழங்கையை மடக்காமல், தோள் கைகளுக்கு நேர்மேலே இருக்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். மெத்தையில் படுத்திருப்பவருக்கு முதுகுக்குக் கீழே பலகை வேண்டும். இல்லாவிட்டால் அழுத்துவது மெத்தையைத்தான்.

ஒவ்வோர் அழுத்தலுக்குப் பிறகும் மார்பை முழுதாக எழும்ப விட வேண்டும் என்ற விதிதான் அதிகம் மீறப்படுகிறது. களைத்தவர் தம்மையறியாமல் கைகளில் சாய்ந்து நிற்பார். இதயத்துக்கு இரத்தம் திரும்பி வருவது மார்பு எழும்பும் அந்தக் கணத்தில்தான்; இதயத் தசைக்கே இரத்தம் ஊட்டும் தமனிகள் நிறைவதும் அப்போதுதான். அந்தத் தமனிகளில் போதிய அழுத்தம் உருவாகப் பல அழுத்தல்கள் தொடர்ந்து தேவை. நிறுத்திய சில வினாடியில் அது விழுந்துவிடும். எந்தக் காரணத்துக்கும் பத்து வினாடிக்கு மேல் நிறுத்தாதே என்பதன் பொருள் இதுவே. மிக நன்றாகச் செய்தாலும் கிடைப்பது இயல்பான இரத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையே. அதிலும் குறைக்க இடமில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துபவர் மாற வேண்டும்; ‘எனக்குக் களைப்பில்லை’ என்பவரின் ஆழமும் குறைந்துதான் இருக்கும்.

முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. ஒவ்வொன்றும் ஒரு வினாடி, மார்பு ஏறுவது தெரியும் அளவு மட்டும். பையைப் பதற்றத்தில் வேகவேகமாக அழுத்துவது தீங்கு. மார்புக்குள் அழுத்தம் கூடி இரத்தம் திரும்புவதைத் தடுக்கும். பயிற்சியற்ற பொதுமக்களுக்கு மூச்சு கொடுக்கத் தயக்கமிருப்பதால், இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2017இல் மார்பை மட்டும் அழுத்தும் முறையை அவர்களுக்குப் பரிந்துரைத்தது. நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் இது போதாது. அவர்களிடம் முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன். ஆகவே மூச்சு இன்றியமையாதது. குழந்தைக்கு மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்த வேண்டும். காப்பவர் இருவரானால் 15 அழுத்தலுக்கு இரண்டு மூச்சு.

கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் மட்டுமே மீட்க முடியும். மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அதிர்ச்சி தந்து மீட்டதை பாஸ்டனின் பால் சோல் 1956இல் அறிவித்தார். அதை மருத்துவமனையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தவர் பெல்ஃபாஸ்ட்டின் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். 1966இல் ஆம்புலன்ஸில் டிஃபிப்ரிலேட்டர் ஏறியது. மார்பை அழுத்த ஆளில்லாமல் அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கும். கருவியின் ஓர் ஒட்டுப்பட்டை வலக் காறை எலும்புக்குக் கீழே, மற்றது இட அக்குளுக்குக் கீழே. ஈரத்தைத் துடைத்து ஒட்ட வேண்டும். அதிர்ச்சி கொடுத்ததும் நாடி தேடாமல் உடனே அழுத்தலைத் தொடர வேண்டும். திரையில் நேர்கோடு ஓடும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுப்பது திரைப்படங்களில் மட்டுமே. அதற்கும், மின் அலை இருந்தும் நாடி இல்லாத நிலைக்கும், அழுத்தலும் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கொரு முறை 1 மி.கி. அட்ரினலினும்தான் வழி. கூடவே இதயம் ஏன் நின்றது என்று தேட வேண்டும்: ஆக்சிஜன் குறைவு, இரத்த இழப்பு, பொட்டாசியம் மாறுபாடு, உடல் குளிர்தல், மார்பில் அடைபட்ட காற்று, இதய உறையில் கோத்த நீர், நஞ்சு, இரத்தக் கட்டி. சரிசெய்யத்தக்க காரணம் இருக்கும்போது அழுத்தல் மட்டும் பலன் தராது.

தொண்டையில் உணவு சிக்கி இருமவும் பேசவும் முடியாதவருக்கு, தோள்பட்டைகளுக்கிடையே ஐந்து அடி, பிறகு ஹெய்ம்லிக் 1974இல் விவரித்தபடி தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தல் என்று மாறிமாறிச் செய்ய வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிக்கும் ஓராண்டுக்கு உட்பட்ட சிசுவுக்கும் வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பைத்தான். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் கீழே இறங்கும். பிறந்தும் அழாத குழந்தையின் கணக்கு தனி. துடைத்து, வெதுவெதுப்பாக வைத்து, அப்போதும் மூச்சு வராவிட்டால் முதல் நிமிடத்துக்குள் முகமூடிப் பையால் காற்று கொடுக்க வேண்டும். பெரும்பாலான சிசுக்களுக்கு இதுவே போதும். மூச்சு சரியாகக் கொடுத்தும் இதயத்துடிப்பு 60க்குக் கீழே இருந்தால் மட்டும் மூன்று அழுத்தலுக்கு ஒரு மூச்சு. நியூயார்க் மயக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கர் 1953இல் வெளியிட்ட மதிப்பெண் முறை குழந்தையின் நிலையைப் பதிவதற்கு உரியது. அந்த எண்ணுக்காகக் காத்திருந்து மூச்சு கொடுப்பதைத் தாமதிக்கக் கூடாது.

நாடி திரும்பியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஐந்து படி வரிசை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்: மூச்சுப்பாதை காக்கப்பட்டிருக்கிறதா, ஆக்சிஜன் போதுமா, அழுத்தம் நிற்கிறதா, இ.சி.ஜி.யில் மாரடைப்பு தெரிகிறதா, சர்க்கரை எவ்வளவு, காய்ச்சல் ஏறுகிறதா. எந்த நிமிடம் என்ன செய்யப்பட்டது என்று ஒருவர் குறித்திருக்க வேண்டும்.

இந்தத் திறன்கள் படித்து வருவதில்லை. நார்வேயில் பொம்மை செய்துவந்த ஆஸ்மண்ட் லார்டால் 1960இல் பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார். பாரிஸின் சேன் நதியில் இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணின் முகவார்ப்பே அதன் முகம். இந்தியாவில் 2019இல் வந்த பாடத்திட்டம் முதலாண்டின் அறிமுக மாதத்திலேயே அடிப்படை உயிர் காப்புப் பயிற்சியைச் சேர்த்தது. கற்றது மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கத் தொடங்குவதால், ஆண்டுக்கொரு முறை நாள் முழுதும் நடத்தும் வகுப்பைவிட, பொம்மையை வார்டருகிலேயே வைத்துச் சில வாரங்களுக்கொரு முறை பத்து நிமிடம் பழகுவது நிலைக்கும். அழுத்தலின் ஆழத்தையும் வேகத்தையும் அப்போதைக்கப்போது காட்டும் கருவி பொருத்திய பொம்மையானால், தவறு பழகிப்போவதற்கு முன்பே திருந்தும்.